இன்ஜின் மாற்றும்போது எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப்பில் கார்புரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு எம்.பி.எஃப்.ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் ஏற்றும் ஆசை நிறைய பேருக்கு இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் சாமான் வாங்கி, தாங்களே மாட்டிப் பார்த்து, வண்டி நின்றதும் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறார்கள். கிளாம்ப் இறுக்காதது, ஃபியூஸ் போடாதது எல்லாம் தானே தெரிந்துவிடும். தெரியாமல் காசைத் தின்பவை வேறு.

பம்பை இன்ஜின் பக்கத்தில் மாட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். வயர் பக்கத்திலேயே இருக்கிறது, கை எட்டுகிறது என்று பானட்டுக்குள்ளேயே பம்பைத் திருகிவிடுகிறார்கள். எலெக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும். உறிஞ்சத் தெம்பு கிடையாது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகும். கத்திரி வெயிலில், இன்ஜின் சூட்டில் கேட்கவே வேண்டாம். பம்பைக் குளிர வைப்பதும் தேயாமல் காப்பதும் உள்ளே ஓடும் பெட்ரோல்தான். ஆவி புகுந்தால் பம்ப் காய்ந்து சுற்றிச் சாகும்.

போன கோடையில் ஒரு பிக்கப், காலையில் ஒழுங்காக ஓடும், மதியம் கத்திபாரா பாலம் ஏறும்போது நின்றுவிடும். அதற்குள் வண்டிக்காரர் இரண்டு மூன்று பம்ப் மாற்றிவிட்டார். எல்லாம் டூப்ளிகேட் என்று கடையில் சண்டை வேறு. பம்பில் கை வைக்க முடியவில்லை. கலைந்த தேனீக்கூடு மாதிரி இரைந்தது. ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. பம்பின் மேல் குற்றமே இல்லை. சேஸில் டேங்கை ஒட்டி, அதன் அடிமட்டத்துக்குச் சமமாக, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், ரப்பர் புஷ் வைத்து மாட்டினோம். வேளச்சேரி மழைத்தண்ணீரை நினைத்து கனெக்டரை மட்டும் மேலே தூக்கிக் கட்டினோம்.

நைஸ் (நுண்ணிய கண்) ஃபில்டரைப் பம்புக்கு முன்னால் போடுவதும் இதே தவறுதான், பம்ப் உறிஞ்சத் திணறும். முன்னால் பெரிய கண் ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி) போதும். நைஸ் ஃபில்டர் பம்புக்கு அப்புறம்.

கார்புரேட்டர் பம்பையே வைத்து ஓட்டப் பார்ப்பது

ஓடாது. அது தரும் அழுத்தம் 3 முதல் 6 பி.எஸ்.ஐ, எம்.பி.எஃப்.ஐ பெரும்பாலும் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ அளவுக்குக் கேட்கும்.

சாவி சுவிட்சிலிருந்து நேராக கரண்ட் எடுப்பது

ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) கட்டாயம். அதை இ.சி.யூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், கையில் விடுங்கள். சாவி போட்டதும் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கும், இன்ஜின் சுற்றினால்தான் தொடரும். நேராகக் கொடுத்தால், வண்டி மோதி ஓஸ் அறுந்த பிறகும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். தீப்பிடிக்க ஒரு பொறி போதும். இன்னொன்று: இன்ஜின் ஓடும்போது பம்ப் முனையிலேயே மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர் மெல்லியது, இல்லையென்றால் எர்த் சரியில்லை.

பழைய டேங்க்

கார்புரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் இருப்பு இருக்கும், எம்.பி.எஃப்.ஐ-யில் கிடையாது. பெட்ரோல் குறைவாக இருந்து வளைவில் ஒதுங்கினால் இன்ஜின் உடனே குலுங்கும். டேங்குக்குள் தடுப்பு இல்லையென்றால் சின்ன சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்க வைக்கும் துணை டேங்க்) வையுங்கள்.

பழைய ஓஸ்

தூக்கிப் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலையும் இந்த அழுத்தத்தையும் தாங்கும் இன்ஜெக்ஷன் ஓஸ்தான் வேண்டும்.

ஆர்.சி.

இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 52வது பிரிவு.