அரிவாள் செல் குழந்தைக்கு டாப்ளர் ஸ்கேன்: நான் எடுக்கும் விதம்

எஸ்எஸ் வகை (பெற்றோர் இருவரிடமிருந்தும் அரிவாள் செல் மரபணு வந்த) அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைக்குப் பக்கவாத ஆபத்தை முன்கூட்டியே அறிய, 2 வயது முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் தலையில் டாப்ளர், அதாவது ஒலி அலையால் ரத்தவேகத்தை அளக்கும் ஸ்கேன், எடுத்தே ஆக வேண்டும். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள், ரத்தவேகம் கூடுதலாகக் காட்டும். அழுதாலும் எண்ணை நம்ப முடியாது, தூங்கவும் விடக்கூடாது.

நான் முதலில் ஜெல்லைப் புறங்கையில் தடவிக் காட்டுவேன். சில்லென்றதும் பயம் போய்ச் சிரித்துவிடும். அப்புறம் காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்புக்கு மேலே கருவியை வையுங்கள். அங்கே எலும்பு மெல்லியது. 2 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டராக ஆழத்தை மாற்றி, நடுமூளைத் தமனியில் சராசரி வேகம் மிக அதிகமாக உள்ள இடத்தைத் தேடுங்கள். இங்கே மட்டும் அவசரமே வேண்டாம்.

அந்தச் சராசரி வேகம் வினாடிக்கு 170 செ.மீ.க்குக் கீழே என்றால் சரி. 170 முதல் 199 வரை என்றால் சீக்கிரமே மறுபடி எடுங்கள். 200ஐத் தொட்டால், இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்து, ரத்தம் ஏற்றத் தொடங்குங்கள். 1998இல் வெளியான ஸ்டாப் ஆய்வில் இதனால் பக்கவாத ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைந்தது. எண் இறங்கியதும் சட்டென நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டாவது ஏற்றிய பிறகு, மூளை ரத்தக்குழாய்கள் கடுமையாகச் சுருங்காத குழந்தையை ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்துக்கு மெல்ல மாற்றலாம்.