லேசிக் செய்த கண்ணில் ஹார்ட் லென்ஸ்: வசதியாக அணியவும் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்

கண்ணாடியே வேண்டாம் என்றுதான் பலரும் லேசிக் என்ற லேசர் சிகிச்சைக்குச் செல்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் கருவிழியின் வளைவு சீராக அமைவதில்லை. வேறு சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கருவிழி மெலிந்து முன்னே புடைக்கிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளி சிதறுவதும், எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழலெழுத்து தெரிவதும் இதனால்தான். கண்ணாடியின் பவரை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. கண்ணின் மேல் அணியும் கான்டாக்ட் லென்ஸில், மென்மையான சாஃப்ட் லென்ஸும் கருவிழியின் மேடுபள்ளத்தோடு படிந்துவிடும். ஹார்ட் லென்ஸ் தன் வடிவத்தை விடாமல் நின்று, தனக்கும் கருவிழிக்கும் இடையில் கண்ணீரைத் தேக்கி அந்த மேடுபள்ளத்தை நிரப்பிவிடுவதால், பார்வை தெளிகிறது.

ஆனால், லேசிக் செய்த கண் மற்றக் கண்களைப் போன்றது அல்ல. சிகிச்சையின்போது கருவிழியின் மெல்லிய நரம்புகள் வெட்டுப்படுகின்றன. அவை மீண்டும் வளர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதும் இல்லை. கண் உலர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம். இதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு: கண்ணின் உணர்ச்சி மந்தமாகிவிடுவதால், லென்ஸ் கருவிழியை உராய்ந்தாலும் கிருமி தொற்றினாலும், வலி தாமதமாகவோ குறைவாகவோதான் தெரியும். ஆகவே "வலிக்கவில்லையே" என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளவே கூடாது. வலியை எதிர்பாராமல், பழக்கத்தால் கண்ணைக் காப்பதற்கான முறைகளே கீழே உள்ளவை.

பொருத்தமான லென்ஸ்

கிட்டப்பார்வைக்காக லேசர் செய்த கருவிழி, நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் செங்குத்தாகவும் இருக்கும். கடைகளில் செமி சாஃப்ட் என்று தரும் வழக்கமான ஆர்.ஜி.பி. லென்ஸ் (காற்றை ஊடுருவவிடும் ஹார்ட் லென்ஸ்) இதற்கு நேர்மாறான வடிவத்துக்காகச் செய்யப்பட்டது. அதை இந்தக் கண்ணில் வைத்தால் நடுவில் காற்றுக்குமிழி தங்கும், அல்லது லென்ஸ் நிலைகொள்ளாமல் நழுவும். வளைவை மாற்றிச் செய்யும் ரிவர்ஸ் ஜியோமெட்ரி லென்ஸோ, கருவிழியைத் தொடாமல் வெண்விழியின் மீது அமரும் ஸ்க்ளீரல் லென்ஸோதான் பெரும்பாலும் ஒத்துவரும். கண் மிகவும் உலர்ந்திருந்தால் ஸ்க்ளீரலே மேல் என்பது என் உறுதியான கருத்து. அதன் அடியில் நிற்கும் சலைன் (கிருமி நீக்கிய உப்புக்கரைசல்), கருவிழியை நாள் முழுவதும் நனைத்து வைத்திருக்கும்.

இதைச் சாதாரண கண்ணாடிக் கடையில் வாங்க இயலாது. கருவிழியின் வரைபடத்தை எடுத்து, சோதனை லென்ஸ்களை வைத்துப் பார்த்துப் பொருத்தும் கான்டாக்ட் லென்ஸ் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்னையில் நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் அது உண்டு. சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழியின் தடிமன் ஆகியவை பதிவான பழைய ஃபைல் கிடைத்தால் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை முடிந்து கருவிழி நிலைபெறும் வரை, பொதுவாகச் சில மாதங்கள், காத்திருப்பது நல்லது.

அணியும் முறை

சமையலறையிலிருந்து நேராக வந்து லென்ஸைத் தொடாதீர்கள். மிளகாய்த்தூளும் தேங்காயெண்ணெயும் ஒருமுறை சோப்புப் போட்டால் விரலைவிட்டு முழுவதுமாகப் போவதில்லை. மணமும் க்ரீமும் இல்லாத சோப்பால் நகக்கண் வரை இருமுறை கழுவி, பஞ்சு உதிராத துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில், இமையோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கியிருக்கும் என்பதால், அன்று லென்ஸுக்கு ஓய்வு கொடுப்பதே உத்தமம். மை தீட்டுபவர்கள் லென்ஸை அணிந்த பிறகே தீட்ட வேண்டும்; இமையின் உள்விளிம்பில் தீட்டவே கூடாது.

ஸ்க்ளீரல் லென்ஸை, உறிஞ்சிப் பிடிக்கும் சிறு ரப்பர் ப்ளஞ்சரின் மீது கிண்ணம்போல் நிமிர்த்தி வைத்து, பதப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காத சலைனை விளிம்புக்கு மேல் சற்றே குவிந்து நிற்கும் அளவுக்கு ஊற்றுங்கள். மேசைமேல் துண்டு விரித்து, முகம் தரைக்கு நேராக இருக்கும்படி நன்கு குனிந்து, ஒரு கையால் இரு இமைகளையும் அகலப் பிரித்து, லென்ஸை நேராக மேலே கொண்டுவந்து வையுங்கள். தலையைச் சிறிது நிமிர்த்தினாலும் சலைன் ஒரு பக்கம் வழிந்து, அந்த இடத்தில் குமிழி புகுந்துவிடும். குமிழி இருந்தால் அப்படியே விட்டுவிடாமல், கழற்றி, புதிதாகச் சலைன் ஊற்றி மீண்டும் வையுங்கள். குமிழிக்கு அடியில் உள்ள கருவிழி காய்ந்துபோகும். கழற்றும்போது ப்ளஞ்சரை லென்ஸின் நடுவில் ஒட்டவைத்து இழுக்கக் கூடாது. முதலில் இமையின் மேலாக வெண்விழியை மெல்ல அழுத்தி லென்ஸின் பிடியைத் தளர்த்தி, பிறகு கீழ்விளிம்புக்கு அருகில் ஒட்டவைத்து, மேல்நோக்கிச் சாய்த்தாற்போல் எடுக்க வேண்டும். சிறிய ஆர்.ஜி.பி. லென்ஸுக்கு இவ்வளவு சிரமமில்லை: கண்ணின் வெளிமுனையைக் காதுப்பக்கமாக இழுத்துப் பிடித்து இமைத்தால் அது தானே வெளிவரும்.

முதல் நாளில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டலாம். ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்து, இமைக்க மறந்து திரையைப் பார்ப்பவர்களுக்குப் பிற்பகலில் லென்ஸ் உறுத்துவது இயல்பு. காற்று வரும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லும், பதப்பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீரை விட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ளீரல் லென்ஸுக்கு அடியில் பனி படர்ந்ததுபோல் மங்கினால், கழற்றிச் சலைன் மாற்றி அணிந்தால் தெளியும். இருசக்கர வண்டியில் செல்பவர்கள் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொள்ளாமல் புறப்படக் கூடாது. எவ்வளவு அரித்தாலும் கண்ணைக் கசக்காதீர்கள். ஏற்கெனவே மெலிந்த கருவிழியை அது மேலும் புடைக்கச் செய்யும்.

சுத்தம் செய்தல்

கழற்றியவுடனேயே சுத்தம் செய்துவிட வேண்டும். காய்ந்தபின் அழுக்கு விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையில் லென்ஸை வைத்து, க்ளீனர் சில சொட்டுகள் விட்டு, விரல் நுனியால் முன்னும் பின்னுமாக இலேசாகத் தேய்த்து, மறுபுறத்தையும் அவ்வாறே செய்யுங்கள். இரு விரல்களுக்கு இடையில் பிடித்து அழுத்தித் தேய்த்தால் லென்ஸ் வளையவோ விரிசல் விடவோ கூடும். பிறகு சலைனால் அலசி, டப்பாவில் புதிய சொல்யூஷன் (லென்ஸை ஊறவைக்கும் கிருமிநீக்கித் திரவம்) ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். நேற்றையதன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது கிருமியை வளர்ப்பதாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு வகையைப் பயன்படுத்துபவர்கள், அதற்கென வரும் தனி டப்பாவில், உறையில் குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் 6 மணி நேரம், முழுவதும் வைத்தே எடுக்க வேண்டும். வினை அடங்காத பெராக்சைடு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மேற்பூச்சு உள்ள லென்ஸ் என்றால், சில க்ளீனர்கள் அந்தப் பூச்சை அழித்துவிடும் என்பதால், எது ஒத்துவரும் என்று வாங்கிய இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது, எதுவுமே லென்ஸிலோ டப்பாவிலோ படக் கூடாது. குழாய்நீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி, குளோரினையும் தாங்கும் உறைக்குள் ஒடுங்கிக் கிடந்து, கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும் புண்ணை உண்டாக்கும். அதன் முக்கிய அடையாளமே கடுமையான வலிதான். உணர்ச்சி மந்தமான கண்ணில் அந்த எச்சரிக்கையும் தாமதமாகலாம். லென்ஸோடு குளிப்பதும், நீச்சலடிப்பதும், மெரினாவில் அலையில் நனைவதும் இதே காரணத்தால் கூடாது. டப்பாவைச் சொல்யூஷனால் அலசி, துடைத்து, திறந்து கவிழ்த்து உலரவிட்டு, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். சொல்யூஷன் பாட்டிலைச் சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் வைத்துவிட்டு வராதீர்கள்.

தினமும் காலையில் லென்ஸை எடுக்கும் முன் கண்ணாடியின் முன் நின்று, வெண்விழி சிவந்திருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பீளை சேர்ந்திருக்கிறதா, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் நேற்றைவிட மங்கலா என்று பாருங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் லென்ஸை அணியாமல், அன்றைக்கே கருவிழி மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடுவது, குறிப்பாக ஸ்டீராய்டு கலந்ததை விடுவது, தொற்றை வளர்த்துவிடும். எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், மருத்துவர் குறித்துத் தரும் நாளில் செக்கப்புக்குச் செல்லுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னரே லென்ஸை அணிந்துகொண்டு, டப்பாவையும் சொல்யூஷனையும் கையோடு எடுத்துச் சென்றால், லென்ஸ் கண்ணில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதையும் நீங்கள் எதில் கழுவுகிறீர்கள் என்பதையும் அவர்கள் ஒருசேரப் பார்த்துவிட முடியும்.