சர்ஃபேசி நடவடிக்கைக்கு எதிராக இடைக்காலத் தடை கோருவது எப்படி?

கடன் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டபின், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி, ஈடாக வைத்த சொத்தை வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே கையகப்படுத்தி ஏலம் விடலாம். இதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்க 34ஆம் பிரிவு இடம் தரவில்லை. கடனாளி செல்ல வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் அது சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் உள்ளது.

முதலில் வருவது 60 நாள் அவகாசம் தரும் 13(2) அறிவிப்பு. அதை எதிர்த்து நேரடியாக மனுச் செய்ய முடியாது என்றாலும், பதில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது. வட்டிக் கணக்கிலோ வரவு வைக்கப்படாத தொகையிலோ ஆட்சேபம் இருந்தால் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ஏற்காவிட்டால் காரணத்துடன் 15 நாட்களுக்குள் வங்கி பதில் தர வேண்டும். பின்னர் சொத்தைக் கையகப்படுத்தியதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பை 13(4) பிரிவின்கீழ் உங்கள் சொத்தின் சுவரில் வங்கி ஒட்டினால், 17ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்வதற்கான 45 நாள் கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. வீட்டைப் பூட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்தியது.

17ஆம் பிரிவு மனுவைத் தாக்கல் செய்வதால் மட்டும் ஏலம் நின்றுவிடாது. இதை அறியாமல் சொத்தை இழப்பவர்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பிரமாணப் பத்திரத்துடன் தனியே இடைக்கால மனு ஒன்றும் வேண்டும். அதில் குடும்பக் கஷ்டத்தைவிட விதிமீறலையே முன்னிறுத்துங்கள். சுவாதீன அறிவிப்பு 7 நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வெளியானதா? முதல் ஏலத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்ததா? விற்பனைக்குமுன் சொத்து மதிப்பிடப்பட்டதா? நிலம் உண்மையிலேயே விவசாய நிலமென்றால் 31ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் பயிர் செய்யப்படுவதை அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) போன்ற ஆவணங்களால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நிலுவை, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவானால் அதுவும் விலக்குக்கு உரியது. ஒவ்வொரு குறைக்கும் தேதியையும் ஆவண எண்ணையும் குறிப்பிட்டால்தான் முகாந்திரம் இருப்பதாகத் தீர்ப்பாயம் கருதும்.

மனுவோடு 75 சதவீதம் கட்டியாக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. எனினும், நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லியே பெரும்பாலும் தடை வழங்கப்படுகிறது என்பதால், எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட முடியும் என்பதை நீங்களே மனுவில் சொல்வது நல்லது. கட்ட முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தவணை தவறினால் தடை தானாக விலகும் என்று உத்தரவிலேயே எழுதியிருப்பது வழக்கம்.

ஏலத்துக்கு முந்தைய நாள் ஓடிவருவது ஆபத்தானது. முழு நிலுவையையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் உண்டு.

தடை மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் கடன் வசூல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கு கடனாளி நிலுவையில் பாதியை முன்கூட்டியே செலுத்த வேண்டும்; காரணம் காட்டினால் 25 சதவீதம்வரை குறைக்கலாம், அதற்குக் கீழே குறைக்கத் தீர்ப்பாயத்துக்கும் அதிகாரமில்லை.