கடலோரச் செவிலியர்களுக்குப் பாலியல் நலப் பயிற்சி நடத்துவது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் செவிலியர்களுக்குப் பாலியல் நலப் பயிற்சி நடத்த நினைப்பவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் பலர் கரையில் இருப்பதால், கணவன், மனைவி இருவரையும் ஒருசேரப் பால்வினைத் தொற்றுச் சிகிச்சைக்கு அழைக்க அதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆகவே பயிற்சியை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வகுப்பை நோய்ப் பட்டியலோடு தொடங்க வேண்டாம். கேள்வி கேட்கும் முறையே முதல் பாடம். மீனவக் கிராமங்களில் செவிலியரும் நோயாளியும் பெரும்பாலும் அறிமுகமானவர்கள், சில வேளைகளில் உறவினர்கள் என்பதால், வாயைத் திறக்க இரு பக்கமும் தயக்கம் இருக்கும். இருவர் இருவராக அமர்த்தி, நீர்க்கடுப்போடு வந்த ஒருவரிடம் பேசுவதாக நடித்துக் காட்டச் சொல்லுங்கள். "தப்பான பழக்கம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி வரத்தான் செய்யும், "இல்லை" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடைக்காது. "அண்ணே, இந்தப் பிரச்சினைக்கு வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். போன மூணு மாசத்துல யாரோட உறவு இருந்துச்சு, ஆணா பெண்ணா, உறை போட்டீங்களா?" என்று குரல் மாறாமல் கேட்கும் வரை மீண்டும் மீண்டும் பழக்குங்கள். இதற்கே அரை நாள் போகும், போகட்டும்.

சிகிச்சைப் பகுதியை விரைவாகவே முடிக்கலாம். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அறிகுறித் தொகுப்பைக் கொண்டு மருந்து தரும் முறையையும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நிறவாரி மருந்துப் பொட்டலங்களையும் கையில் கொடுத்தே விளக்குங்கள். ஆணுக்குச் சிறுநீர்க்குழாயில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம். அதில் அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்சைம் 400 மில்லிகிராமும் இருக்கும்.

பொதுச் சுகாதாரக் கோட்பாட்டை விளக்க இந்த இடமே தகுந்தது. கருப்பைவாய்த் தொற்றுள்ள பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. கணவர் மட்டும் மாத்திரை விழுங்கினால் தொற்று மனைவியிடம் தங்கி, கணவருக்கே திரும்பி வரும். எனவே ஒருவருக்கான சிகிச்சை அவருடைய துணைவருக்கும் சிகிச்சை கிடைத்த பிறகே முழுமை பெறுகிறது என்பதைக் கரும்பலகையில் படமாக வரைந்து காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ் பரிசோதனையும் தவறக் கூடாது என்பதை இதனுடன் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

சட்டம் பற்றிய ஐயங்கள் கட்டாயம் எழும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, ஒப்புதல் பெற்றே பரிசோதிக்க வேண்டும். முடிவைக் கண்டபடி வெளியே சொல்லக் கூடாது. அதே வேளையில், 18 வயது நிரம்பாதவர் பாலியல் குற்றத்துக்கு உள்ளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிகுதி என்பதால் எடுத்துக்காட்டுகளோடு பிரித்துச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து நிலையங்களுக்கு நேரில் செல்லுங்கள். பேசும் அறைக்குக் கதவோ திரையோ இருக்கிறதா என்று கவனித்த பின், பதிவேட்டில் துணைவருக்குச் சிகிச்சை தரப்பட்டதைக் குறிக்கும் கட்டத்தைப் பாருங்கள். அது வெறுமையாகக் கிடந்தால், மறுபயிற்சியை அந்தக் கட்டத்திலிருந்தே தொடங்கலாம்.