டூல்ஸ் வாங்குற பித்து இருக்கவங்க, அடுத்தத வாங்குறதுக்கு முன்னாடி போன வருஷ பொட்ட பாருங்க

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாடிப்படிக்கு கீழ அடைச்சி வச்சிருந்த டூல்ஸ் எல்லாத்தையும் வெளிய இழுத்து போட்டு தொடைச்சிட்டு இருந்தேன். தொடைக்க தொடைக்க ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, பாதி சாமான்ல அதுக்கு முந்தின வருஷம் வச்ச சந்தனமும் குங்குமமும் காஞ்சி போய் அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சு. அப்போ ஒரு வருஷம் முழுக்க அத கையால தொடவே இல்லன்னு அர்த்தம், தொட்டிருந்தா பொட்டு அழிஞ்சிருக்குமே. ரெண்டு சி கிளாம்ப், ஒரு மைக்ரோமீட்டர் (துல்லியமா தடிமன் அளக்குறது), ஒரு டேப் அண்டு டை செட்டு (மரை வெட்டுறது), 12-13 ஸ்பேனர் மூணு (ஆமாங்க மூணு, எப்படின்னு எனக்கே தெரியல), எல்லாம் மங்களகரமா உக்காந்திருக்கு.

எங்கப்பா கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல பிட்டரா இருந்தவரு. வீட்டுல அவருக்குன்னு இருந்தது ஒரு காக்கி பை, உள்ள ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சுத்தியல், ஒரு ஸ்குரூ ரிஞ்ச், டெஸ்டர், ரெண்டு அரம், ஹேக்ஸா, அப்புறம் நாலு ஸ்பேனர், அவ்ளோதான். அத வச்சே தண்ணி மோட்டரு, சைக்கிளு, கதவு கீலு, மிக்சின்னு எல்லாத்தயும் பாத்துடுவாரு. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சம்பாதிக்கிறேன், என்கிட்ட டூல்ஸ் 200க்கு மேல இருக்கு. கணக்கு புரியுதுல்ல.

இந்த ஆச போகாது, அத மொதல்ல ஒத்துக்கோங்க. இருவது வயசுல வந்தது எனக்கு இப்ப நாப்பத்தஞ்சுலயும் இருக்கு. ஹார்டுவேர் கடைக்கு ரெண்டு ஆணி வாங்க போனவன் கண்ணாடி ஷோகேஸ் முன்னாடி நின்னு வாயப் பொளந்து பாத்துட்டு இருப்பேன். அதனால நிப்பாட்றது எப்படின்னு நான் சொல்ல போறதில்ல, அதே காச எப்படி உருப்படியா செலவு பண்றதுன்னு மட்டும் சொல்றேன்.

மொத வேல, ஒரு நோட்டு போடுங்க. போன்லயே கூட போட்டுக்கலாம். ஆச வந்ததும் அதுல டூல் பேர எழுதாதீங்க, வேலய எழுதுங்க. "ஹேமர் டிரில் வேணும்" னு எழுதுனா அது வேணும்னுதான் தோணிட்டே இருக்கும். "ஹால் பீம்ல ஊஞ்சல் கொக்கிக்கு நாலு ஓட்டை" னு எழுதுங்க, எழுதுன உடனே தெரிஞ்சிடும் இது வாழ்க்கைல ஒரு தடவ பண்ற வேலன்னு. கான்கிரீட் பீம்ல சாதாரண இம்பாக்ட் டிரில்ல வச்சு அழுத்துனா கைதான் நடுங்கும், ஓட்டை மெதுவாத்தான் இறங்கும், பிட்டும் சீக்கிரம் மழுங்கிடும், அதுக்கு உள்ள பிஸ்டன் வச்சி அடிக்கிற ரோட்டரி ஹேமர்தான் வேணும். ஆனா அத நாள் வாடகைக்கு குடுக்குற கடைங்க இருக்கு, இல்லன்னா தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன்ட்ட சொன்னா வந்து பத்து நிமிஷத்துல போட்டு குடுத்துட்டு டீ குடிச்சிட்டு போவாரு. அதே வேல நோட்டுல மூணாவது தடவ வந்துச்சுன்னா அப்ப வாங்குங்க, அதுக்கு ஒருத்தரும் உங்கள கேள்வி கேக்க முடியாது.

ரெண்டாவதுதான் முக்கியமானது, இதுக்காகத்தான் இவ்ளோ எழுதுறேன். ஒரு டூல் சரியா வேல செய்யலன்னு கடுப்பாகி பெருசா ஒண்ணு வாங்க தோணுதுல்ல, பத்துக்கு எட்டு தடவ குத்தம் மெஷின்ல இருக்காது, அதோட வாயிலதான் இருக்கும். வாயின்னா வெட்டுற எடம், பிளேடு, பிட்டு, டிஸ்க்கு, உளி முனை. ஹேக்ஸா வெட்ட மாட்டேங்குதுன்னு நான் ஒரு ஜிக்ஸா மெஷினே வாங்கிட்டேன் ஒரு தடவ. அப்புறம் பாத்தா மெல்லிசு ஜிஐ பைப்ப 18 பல்லு பிளேடு போட்டு அறுத்துட்டு இருந்திருக்கேன். ஒரு இஞ்சுக்கு எத்தன பல்லுன்னுதான் அந்த கணக்கு, 18, 24, 32 னு கடைல கிடைக்கும். எப்பவும் அறுக்குற தகடு தடிமன்ல ரெண்டு மூணு பல்லாச்சும் உக்காரணும், இல்லன்னா பல்லு மாட்டி உடஞ்சிடும். மெல்லிசுக்கு 32, சாதாரண இரும்புக்கு 24, கனமான இரும்பு கட்டைக்கு 18. பல்லு முன்னாடி பாத்து இருக்கணும், தள்ளும்போது வெட்டும். சில ரூபாய் பிளேடுல முடிய வேண்டிய சமாச்சாரம் எனக்கு ஒரு மெஷின்ல போய் முடிஞ்சுது.

உளியும் அப்படித்தான். புதுசா வாங்குற உளி கூர்மையா வரும்னு நெனச்சிட்டு இருந்தேன், வராது, தீட்டித்தான் எடுக்கணும். சாணைக்கல்லு இல்லன்னா பரவால்ல, வீடு கட்டும்போது மிச்சமான கிரானைட் துண்டு எங்கயாச்சும் கிடக்கும், அதோட பாலிஷ் பக்கம் நல்ல சமமா இருக்கும், அதுமேல வாட்டர் பேப்பர ஒட்டி 400, 800, 1200 னு வரிசையா தண்ணி விட்டு தேயுங்க. சரிவு பக்கம் 25 டிகிரி, முனைய மட்டும் கடைசில கொஞ்சம் தூக்கி 30. பின்பக்கம் தட்டையா கண்ணாடி மாதிரி ஆகணும், அந்த பக்கத்த யாரும் தேய்க்கறதே இல்ல, அதனாலதான் உளி கட்டையில நேரா போகாம ஓடுது. ஒரு ஞாயித்துக்கெழம காலைல இத பண்ணி முடிச்சிட்டு தேக்கு துண்டுல ஒரு சீவு சீவி பாருங்க, புது டூல் வாங்குன சந்தோஷம் அப்படியே வரும், எனக்கு வந்துச்சு. அந்த மாசம் வேற எதுவும் வாங்கல.

ஆங்கிள் கிரைண்டர் வச்சிருக்கவங்க இதயும் சேத்துக்கோங்க. 4 இஞ்சு மெஷினுக்கு நடு ஓட்டை 16 எம்எம், 5 இஞ்சு டிஸ்க்குல 22 எம்எம்முக்கு கொஞ்சம் மேல, அது இதுல உக்காராது. எவனாச்சும் வாஷர் போட்டு மாட்டிக்கலாம், டிஸ்க்க மூடியிருக்க கார்ட கழட்டிட்டு பெரிய டிஸ்க்கு போட்டுக்கலாம்னு சொன்னா அந்த ஆள விட்டு நாலடி தள்ளி நில்லுங்க. டிஸ்க்குல போட்டிருக்க ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கறது) மெஷின் ஆர்பிஎம்ம விட ஜாஸ்தியா இருக்கணும், நல்ல 4 இஞ்சு டிஸ்க்குல 15,000 சொச்சம் போட்டிருப்பான். நடு ஓட்டைய சுத்தி இருக்க வளையத்துல காலாவதி தேதி கூட இருக்கும், பழைய டிஸ்க்கு மலிவா கிடைக்குதுன்னு அள்ளிட்டு வராதீங்க. மரம் அறுக்குற பல்லு பிளேடு இந்த மெஷினுக்குன்னே விக்கிறாங்க, தொடவே தொடாதீங்க. டூல்ஸ்ல எத வேணா மலிவா வாங்குங்க, கண்ணுக்கு போடுற கண்ணாடியும் டிஸ்க்கும் மட்டும் நல்லதா வாங்குங்க.

செட்டா வாங்கலாமா ஒண்ணொண்ணா வாங்கலாமான்னு ஒரு பெரிய சண்டை எப்பவும் ஓடும். என் அனுபவத்துல ஸ்பேனர் மட்டும்தான் செட்டா வாங்குனா லாபம். 6-7 ல ஆரம்பிச்சு 20-22 வரைக்கும் 8 ஸ்பேனர் வர்ற செட்டு ஒண்ணு போதும், டபாரியா மாதிரி கம்பெனில வாங்குனா உங்க பையனுக்கும் ஆகும். எம்6, அதாவது 6 எம்எம் தடிமன் போல்ட்டுக்கு 10 ஸ்பேனர், எம்8க்கு 13, ஆனா ஜப்பான் வழில வந்த பைக்குல அதே எம்8க்கு தலை 12 இருக்கும், எம்10க்கு 14. அதனாலதான் 12, 13 ரெண்டும் எப்பவும் கைல வேணும்னு தோணி தோணி என்கிட்ட மூணு சேந்துடுச்சு போல.

டிரில் பிட்டு கதை வேற. அரை அரை எம்எம்மா ஏறுற செட்ட வாங்கிட்டு ஓட்டைக்குள்ள மரை வெட்ட டேப் அடிக்க உக்காந்தா எம்6க்கு 5 எம்எம் ஓட்டை, அது செட்டுல இருக்கும், எம்8க்கு 6.8, அது இருக்காது. அப்புறம் அத தனியா போய் வாங்கணும். செட்டுல இருக்க மத்த பாதி பிட்டு டப்பாவுலயே கிடக்கும், 5ம் 6ம் மட்டும் மொட்டையாகி நிக்கும். 5லயே நல்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டு நாலு வாங்கி வச்சிருந்தா எவ்வளவோ மேல்.

பேட்டரி டூல்ஸ் பக்கம் போறவங்க ரொம்ப யோசிச்சு போங்க, அது டூல் வாங்குற மாதிரி இல்ல, சம்பந்தம் பண்ற மாதிரி. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷின்ல பெரும்பாலும் மாட்டாது, மொத டிரில்ல எந்த கம்பெனில எடுக்கறீங்களோ அடுத்த பத்து வருஷம் அவங்க வீட்டு மாப்பிள்ளதான் நீங்க. இன்னொன்னு, ஒருத்தன் 18 வோல்ட்டுன்னு போட்டிருப்பான், பக்கத்துல இருக்கவன் 20 வோல்ட் மேக்ஸுன்னு போட்டிருப்பான், 20 பெருசுன்னு ஏமாந்துடாதீங்க, ரெண்டுலயும் உள்ள வரிசையா 5 செல்லுதான், ஒரு செல்லு 3.6 வோல்ட்டுன்னு கணக்கு பண்ணா 18, ஃபுல் சார்ஜ்ல சுமாரா 4 வோல்ட்டுன்னு கணக்கு பண்ணா 20. பேட்டரி இல்லாம வெறும் மெஷின் ஆஃபர்ல வந்தா ரொம்ப சூதானமா இருங்க, நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே போட்ட தூண்டில் அது.

இனி பழைய சாமான். இதுல ஆச அடங்கவும் செய்யும், காசும் மிச்சமாகும், ஆனா பாக்க தெரியணும். சென்னைல பல்லாவரம் வெள்ளிக்கிழம சந்தைல காலைல போனா நல்ல சரக்கு கண்ணுல படும், எங்கூர்ல உக்கடம் பழைய இரும்பு கடைங்க. வைஸ் (சாமான இறுக்கி புடிச்சிக்கிறது) எடுக்கறீங்கன்னா மொதல்ல பெயிண்ட்டு புதுசா அடிச்சிருக்கான்னு பாருங்க, அடிச்சிருந்தா வெல்டிங் பத்த வச்சத மறைக்கவும் இருக்கலாம், வார்ப்பு இரும்புல விரிசல வெல்டு பண்ணா பெரும்பாலும் நிக்காது. அப்புறம் அதோட வாய மூடி வெளிச்சத்துக்கு நேரா புடிங்க, ரெண்டு தாடையும் முழுசா சேரணும். கைப்பிடிய முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, கால் சுத்து வரைக்கும் வெறுமனே சுத்துனா திருகு தேஞ்சி போச்சு. கட்டிங் பிளேயர்னா சட்டப்பைல ஒரு பஸ் டிக்கெட்டு வச்சிருங்க, அத வெட்டி பாருங்க, சுத்தமா வெட்டுனா வாங்குங்க, மடிஞ்சி கசங்குனா வச்சிட்டு வந்துருங்க. ஸ்பேனர்னா வீட்டுல இருந்தே ஒரு புது நட்டு கொண்டு போங்க, போட்டு பாத்தா வாய் விரிஞ்சிருந்தா உடனே தெரியும். பழைய அரம் மட்டும் எவ்ளோ மலிவா குடுத்தாலும் வேணாம், பல்லு போனா அது வெறும் இரும்பு பட்டைதான்.

துரு பத்தி கவலப்படாதீங்க. மளிகைக்கடைல எலுமிச்சை உப்புன்னு (சிட்ரிக் ஆசிட்) கிடைக்கும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் போட்டு ராத்திரி ஊற வச்சிட்டு காலைல ஸ்டீல் ஸ்கிரப்பர் போட்டு தேச்சா கருஞ்சாம்பலா வந்துடும். சோடா உப்பு தண்ணில ஒரு முக்கு, வெயில்ல காய வச்சு உடனே தையல் மெஷின் ஆயில் தடவிடுங்க, கொஞ்சம் லேட்டானாலும் மறுபடி செவந்துடும். தகர பெட்டிக்குள்ள ரெண்டு சூடம் போட்டு வைக்கறது பெரியவங்க பண்ணது, நானும் பண்றேன், தொறந்தா கோயில் வாசன வரும்.

இப்ப பொட்டு கணக்குக்கு வருவோம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாத்தையும் தரைல பரப்புங்க, ஒண்ணு விடாம, வண்டி சீட்டுக்கு கீழ இருக்கறது, சமையல்கட்டு டிராயர்ல ஒளிஞ்சிருக்க டெஸ்டர் எல்லாம். பழைய பொட்ட உடனே தொடைக்காதீங்க. அழிஞ்சது ஒரு பக்கம், அழியாதது ஒரு பக்கம் வைங்க. அழியாதத எடுத்து ஒரு ஒரு தடவ கைல வச்சு யோசிங்க. ஃபயர் எக்ஸ்டிங்குஷர் மாதிரி எப்பயோ ஒரு நாளைக்கு தேவப்படுறது சிலது இருக்கும், பைப் ரிஞ்ச் அப்படித்தான், ராத்திரி பதினோரு மணிக்கு பைப்பு பிச்சிக்கும்போது அது இல்லன்னா தெரியும். அத வச்சிக்கோங்க. ரெண்டு வருஷ பொட்டு ஒண்ணு மேல ஒண்ணா இருந்தா அது போகட்டும்.

எங்க போகணும்னா விக்க பாக்காதீங்க, பாதி வெல கூட வராது, மனசுதான் நோகும். புதுசா வேல கத்துக்கிற பசங்களுக்கு குடுங்க. எங்க தெரு முக்குல பஞ்சர் கடைல நிக்கிற தம்பிக்கு அந்த மூணாவது 12-13 ஐயும் ஒரு சி கிளாம்பையும் குடுத்தேன், ரெண்டு நாள் கழிச்சி போனா அந்த ஸ்பேனர் கிரீஸ் அப்பி கருப்பா கிடந்துச்சு, என்கிட்ட மூணு வருஷம் இருந்தப்ப அது இவ்ளோ அழகா இருந்ததில்ல. "அண்ணா, 14-15 இருக்குங்களா" ன்னு கேட்டான், அதயும் குடுத்துட்டேன், என்கிட்ட இன்னொண்ணு இருக்கு.

மைக்ரோமீட்டர மட்டும் குடுக்கல. 0.01 எம்எம் வரைக்கும் அளக்கும், நான் இதுவரைக்கும் அதுல அளந்தது ஏ4 பேப்பரும் என் தலைமுடியும்தான், பேப்பரு 0.10 வந்துச்சு, முடி 0.07. இந்த வருஷமும் பழைய பொட்டுக்கு மேலயே புதுசு வைப்பேன்.