நம் மதம் மட்டும்தான் உண்மையா? கேட்டுப் பார்க்கும் வழி

பெங்களூரு சிவாஜிநகரில் வளர்ந்த நான், எங்கள் சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று 20 வயதுவரை நம்பினேன். சந்தேகம் வந்தால் பயந்து அடக்காதீர்கள். ஒரு நோட்டில் ஒரே ஒரு நம்பிக்கையை எழுதுங்கள். அதை யார், உங்கள் எத்தனையாவது வயதில் சொன்னார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். என்னுடையவை எல்லாம் 10 வயதுக்குள் அம்மா சொன்னவை. அப்புறம், அடுத்த வீட்டில் பிறந்திருந்தால் எதை நம்பியிருப்பேன் என்று கேளுங்கள். கடினமான கேள்வி, அவசரம் வேண்டாம்.

வெளியே போயும் பாருங்கள். செப்டம்பர் 8 சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். பெங்களூருவின் கரக ஊர்வலம் இந்துக் கோயில் விழாதான், ஆனாலும் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போகும். அந்தக் கூட்டத்தில் நின்றபோது, இவர்கள் எல்லோருக்கும் நரகமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் உடனே வாதாடாதீர்கள். நான் இன்னும் அம்மாவோடு இரவு ஜெபத்தில் உட்காருகிறேன்.