மிகையாற்றல் காஸ்மிக் கதிர்களின் நிறமாலை வரைவது எப்படி?

அர்ஜென்டினாவின் மலார்குயே ஊரருகே பியர் ஓஜே ஆய்வகத்தின் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 12 டன் நீருடன், 1.5 கி.மீ. இடைவெளியில் 3000 சதுர கி.மீ. பரப்பில் நிற்கின்றன. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது உண்டாகும் துகள்களின் பொழிவை இவை பதிவு செய்கின்றன. 2021 முதல் தரவின் ஒரு பகுதி பொதுவில் கிடைக்கிறது. நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வருகின்றன என்ற வரைபடம், வரைய அதுவே போதும்.

முதலில் வடிகட்டுங்கள். உச்சிக்கோணம், அதாவது பொழிவு செங்குத்திலிருந்து சாய்ந்த கோணம், 60 பாகைக்குள் இருக்கட்டும். அதிகச் சமிக்ஞை பெற்ற தொட்டியைச் சுற்றியுள்ள ஆறு தொட்டிகளும் இயங்கியிருக்க வேண்டும். 2.5×10¹⁸ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே சில பொழிவுகள் பதிவாகாமல் போகும், அந்த ஆற்றல் பகுதியைத் தொடாதீர்கள்.

பொழிவு மையத்திலிருந்து 1000 மீட்டரில் உள்ள சமிக்ஞையே ஆற்றலுக்கு அடிப்படை. தொட்டியைச் செங்குத்தாகக் கடக்கும் ஒரு மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்) தருவதே அதன் அலகு. சாய்ந்து வரும் பொழிவு அதிகக் காற்றைக் கடந்து மெலிவதால், 38 பாகையில் வந்திருந்தால் எவ்வளவு என்று முதலில் திருத்துங்கள். அந்த எண்ணை 1.03 அடுக்குக்கு உயர்த்தி 1.86×10¹⁷-ஆல் பெருக்குங்கள்; ஆற்றல் எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். 50 அலகு என்றால் சுமார் 10¹⁹ எலக்ட்ரான்வோல்ட்.

ஆற்றலை மடக்கை அளவில் 0.1 அகலப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் பொழிவுகளை எண்ணுங்கள். அடிக்கடி நேரும் பிழை இங்கேதான்: எண்ணிக்கையை 0.1-ஆல் வகுக்கக் கூடாது, பெட்டியின் உண்மையான ஆற்றல் அகலத்தால் வகுக்க வேண்டும். 10¹⁹-இல் தொடங்கும் பெட்டிக்கு அது 2.59×10¹⁸. பிறகு, உங்களிடமுள்ள பகுதித் தரவுக்குரிய வெளிப்பாட்டளவால் (பரப்பு, காலம், வானத் திசைப்பரப்பு ஆகியவற்றின் பெருக்கல்) வகுங்கள்; கிடைப்பதே பாயம். முழுத் தரவுக்கானதைப் போட்டால் பாயம் பல மடங்கு சரியும்.

வளைவுகள் கண்ணுக்குத் தெரிய, பாயத்தை ஆற்றலின் மும்மடியால் பெருக்குவது வழக்கம். 5×10¹⁸ அருகே 'கணுக்கால்' எனப்படும் வளைவு, 5×10¹⁹ அருகே சரிவு தென்படும். ஆனால் ஆற்றல் அளவுகோல் 14% கூடுதலாகப் பிசகினால் புள்ளி வலப்பக்கம் நகர்வதோடு 30% மேலேயும் ஏறும். நிறமாலை செங்குத்தாக இறங்குவதால், ஆற்றல் தவறாகக் கூடிய பொழிவுகள் மேல் பெட்டிகளில் வழிந்து சேரும்; கீழ்ப் பெட்டிகளில்தான் இது அதிகம், அங்கே துல்லியம் 20% மட்டுமே.

வந்த கதிர் எந்த அணுக்கரு என்பதை நிலவில்லா இரவுகளில் ஒளிர்வுத் தொலைநோக்கிகள் காணும் உச்ச ஆழம், அதாவது பொழிவு மிகப் பெரிதாகும் வரை அது கடந்த காற்றின் அளவு, சொல்கிறது. இரும்பின் பொழிவு புரோட்டானுடையதைவிடச் சுமார் 100 கிராம்/ச.செ.மீ. முன்பே உச்சம் தொடும். கலவை மாறாதிருந்தால் பத்து மடங்கு ஆற்றலுக்கு ஆழம் 60 கிராம்/ச.செ.மீ. அளவில் கூட வேண்டும். 2×10¹⁸-க்கு மேல் கூடுவது 26 மட்டுமே. அதாவது கருக்கள் கனமாகின்றன. எவ்வளவு கனம் என்பது பொழிவைக் கணிக்கும் கணினி மாதிரியைப் பொறுத்தது, க்யூஜிஎஸ்ஜெட் என்ற மாதிரி இலகுவாகவே காட்டும். எபோஸ், சிபில் ஆகிய மற்ற மாதிரிகளின் கோடுகளையும் சேர்த்தே வரையுங்கள்.